சுறாக் கூண்டுப் பயணம்: போகலாமா, கூடாதா?

கடற்காகம்:
கம்பிக் கூண்டுக்குள் நின்று கடலில் சுறா பார்க்க, ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய் போய்வந்தேன். கேப் டவுனிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். கிளைன்பாய் துறையில் படகேறி, டையர் தீவுப் பக்கம் நங்கூரம் போட்டதும் ஒருவர் சுறாவை வரவழைக்க மீன் எண்ணெயும் அரைத்த மத்தியும் கலந்த கூழை வாளி வாளியாகக் கடலில் ஊற்ற ஆரம்பித்தார். அந்த வாடைக்கு நம்ம ஊர் கருவாட்டுச் சந்தை எவ்வளவோ தேவலை. முக்கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. இரண்டு பேர் வாந்தி. அப்புறம் திடீரென "டவுன்! டவுன்!" என்று கத்தினார்கள். ஆக்சிஜன் உருளை எல்லாம் கிடையாது. கூண்டுக்குள் மூச்சைப் பிடித்துத் தலையைத் தண்ணீரில் அமுக்க வேண்டியதுதான். கலங்கின பச்சைத் தண்ணீர். அதிலிருந்து ஒரு செம்புநிறச் சுறா வந்து, கம்பிக்கு ஒரு முழம் தள்ளி என்னைப் பார்த்துவிட்டுப் போனது. சுறா என்றால் ஆள்தின்னி என்ற பயம் எனக்கு அன்றோடு போயிற்று. எல்லோரும் ஒருமுறை போகணும்.

மீனாட்சி_தூத்துக்குடி:
உங்கள் பயம் போனது சரி, அதற்குச் சுறா கொடுக்கும் விலை என்ன? வாடை காட்டி வரவழைத்து, சூரைத் தலையைக் கயிற்றில் ஆட்டி ஏமாற்றுவதற்குப் பெயர் அறிமுகமா? மெக்சிகோ 2023இல் குவாதலூப்பே தீவில் இந்தத் தொழிலையே மூடிவிட்டது. 2016இல் அங்கே ஒரு வெள்ளைச் சுறா இரையைத் துரத்தி நேராகக் கூண்டுக்குள் புகுந்துவிட்டது. அதற்குப் பின்னோக்கி நீந்தத் தெரியாது. உள்ளே இருந்த ஆள் தப்பித்தார், சுறா ரத்தம் வழிய வெளியே வந்தது. நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் தீவில் சிப்பிக்குக் குளிக்கிறவர்கள், சுறாக்கள் இப்போது படகைக் கண்டாலே வருகின்றன என்று வழக்கே போட்டார்கள்.

கேப்டவுன்_வாசி:
அக்கா, அந்த வழக்கை முழுசாகச் சொல்லுங்கள். 2018இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது, 2019இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது.

நான் எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். கான்ஸ்பாய்க்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே வெள்ளைச் சுறா. கடற்காகம் பார்த்தது செம்புநிறச் சுறா, கவனித்தீர்களா? வெள்ளையைக் காணோம். 2017இல் வெள்ளைச் சுறாக்கள் அடுத்தடுத்துச் செத்துக் கரை ஒதுங்கின. பெரும்பாலும் உடம்பு அப்படியே இருந்தது, ஈரல் மட்டும் இல்லை. வேலை இரண்டு ஓர்க்காக்களுடையது, அதாவது கொலைகாரத் திமிங்கிலங்களுடையது. ஒன்றின் முதுகுத் துடுப்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கும், மற்றதுக்கு வலப்பக்கம். அதனால் போர்ட், ஸ்டார்போர்ட் என்று கப்பல்காரர் பாஷையிலேயே பெயர். 2023இல் மோசல் பேயில் ஸ்டார்போர்ட் தனியாகவே ஒரு சின்ன வெள்ளைச் சுறாவை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தது. இதில் கூண்டுப் படகு செய்த பாவம் என்ன? அந்த உடல்களைக் கரையில் அறுத்துப் பார்த்து உலகத்துக்குச் சொன்னவர்களில் கூண்டுப் படகோடு போகும் உயிரியலாளர்களும் உண்டு.

மீனாட்சி_தூத்துக்குடி:
ஓர்க்கா தின்கிறது, அது அதன் பாடு. நான் மனிதன் செய்வதைப் பேசுகிறேன். 1991இல் உலகிலேயே முதலாவதாக வெள்ளைச் சுறாவைப் பாதுகாத்த நாடு தென்னாப்பிரிக்கா. அதே நாட்டில் டர்பன் பக்கம் 1952இலிருந்து வலை கட்டிச் சுறா பிடிக்கிறார்கள்.

கேப்டவுன்_வாசி:
வலை விஷயத்தில் நான் உங்கள் கட்சி. வெள்ளைச் சுறா தின்னும் குட்டிச் சுறாக்களை நீளத் தூண்டில் போட்டு வாரிக்கொண்டு போகிறார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது, திட்டுவதில் முதல் இடம் ஏன் இந்த நாலைந்து படகுக்கு என்பதுதான்.

மீனாட்சி_தூத்துக்குடி:
ஏனென்றால் இங்கே பதிவு போட்டவர் போனது அதில். கடற்காகம் அண்ணா, ஒன்றே ஒன்று. இரையைச் சுறா வாயில் படாமல் இழுத்துவிட வேண்டும் என்பதுதானே விதி? உங்கள் படகில் எத்தனை தடவை கவ்வியது?

கடற்காகம்:
மூன்று. மூன்றாவது தடவை கயிற்றோடு போய்விட்டது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.