நெடுந்தூர எகனாமி பயணம்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

தெம்பனிஸ்_மகள்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து லண்டன். கிட்டத்தட்ட 14 மணி நேரம், போனவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு ஜன்னல் ஓரம், எனக்கு நாலு வரிசை தள்ளிப் பின்னால் நடு சீட். பக்கத்துப் பக்கத்தில்தான் பதிந்திருந்தேன். விமானத்தை மாற்றியபோது சீட்டையும் மாற்றிவிட்டார்கள். கவுன்டரில் கேட்டால், "உள்ளே போய்க் கேட்டுப் பாருங்கள்" என்றார்கள். உள்ளே யாரும் இடம் மாறத் தயாராக இல்லை.

அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த இருவரும் கண்ணை மூடும் பட்டியை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டார்கள். நான் போய், "டாய்லெட் போறீங்களாம்மா?" என்று கேட்கும்போதெல்லாம், "வேணாம்மா, தூங்குற பிள்ளைங்களை எதுக்கு எழுப்பிக்கிட்டு" என்றார். தண்ணீர் கொடுத்தால் உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். குடித்தால் எழுந்திருக்க வேண்டுமே என்ற பயம்.

ஹீத்ரோவில் எல்லாரும் எழுந்து பெட்டியை இறக்குகிறார்கள். அம்மா குனிந்து செருப்பு வாரை மாட்டப் பார்க்கிறார். வார் கொக்கிக்கு எட்டவே இல்லை. தேக்காவில் வாங்கிய செருப்பு, சாதாரணமாகக் கடைசித் துளையில் போட்டாலும் தொளதொளவென்று இருக்கும். பாதம் பளபளவென்று வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. வார் தொங்கத் தொங்க, செருப்பை இழுத்துக்கொண்டே குடிநுழைவு வரிசைவரை நடந்தார். கேட்டால், "ஒண்ணுமில்ல, வயசாச்சுல்ல" என்கிறார்.

இரண்டு நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் அந்த எட்டாத வார் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, மறுபடியும் அம்மாவை அழைத்துக்கொண்டு போக வேண்டும். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ஊட்லண்ட்ஸ்_தம்பி

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருந்தது. என்னுடையது வேறு மாதிரி.

என் உயரம் 6 அடி 3 அங்குலம். சான் பிரான்சிஸ்கோ நேரடி விமானம், 15 மணி நேரத்துக்கு மேல். சீட் பெல்ட் விளக்கு அணைந்ததுமே முன் சீட் முழுசாகச் சாய்ந்து வந்து என் இரண்டு முட்டியிலும் இடித்தது. காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. எட்டிப் பார்த்தேன். வயதான ஒரு சீன ஆன்ட்டி. "ஆன்ட்டி, என் கால் மாட்டிக்கொள்கிறது, கொஞ்சம் நிமிர்த்த முடியுமா?" என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். உடனே மன்னிப்புக் கேட்டு நிமிர்த்திவிட்டார்.

அதற்குப் பிறகு பயணம் முழுக்க அவர் சாயவே இல்லை. விளக்கெல்லாம் அணைத்த பிறகு சீட் இடுக்கு வழியாகப் பார்க்கிறேன், கையை முஷ்டியாக்கி இடுப்பில் வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நான் தட்டி, "கொஞ்சம் சாய்ந்துகொள்ளுங்கள், பரவாயில்லை" என்றேன். "இல்லை இல்லை, உனக்குக் கால் நீளம்" என்று சொல்லிவிட்டு, அப்படியே நெட்டுக்குத்தலாக உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த முஷ்டிதான் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஈசூன்காரன்

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அவரைக் கேட்டிருக்கவே கூடாது. பொத்தானைக் கைப்பிடியில் வைத்திருப்பதே சாய்வதற்குத்தான். சாப்பாடு வரும்போதும், ஏறும்போதும் இறங்கும்போதும் நிமிர்த்த வேண்டும், அதைச் சிப்பந்தியே வந்து சொல்வார். மற்ற நேரமெல்லாம் அது அவருடைய இடம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு முதுகில் டிஸ்க் விலகி அறுவை சிகிச்சை ஆனது. அதற்குப் பிறகு ஃபிராங்க்ஃபர்ட் போனபோது பின்னால் இருந்த ஒருவர் இரண்டு முட்டியையும் என் சீட்டில் முட்டுக் கொடுத்துக்கொண்டார். பொத்தானை அழுத்துகிறேன், சீட் இரண்டு விரல் அளவு போகிறது, உடனே முன்னால் தள்ளப்படுகிறது. ஒரு தடவை என் தலைக்குப் பின்னாலேயே கையால் ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

கால் நீளமானவர்களுக்கு வழி இருக்கிறது. அவசர வழி வரிசையில் உட்காருங்கள், பெரும்பாலும் கூடுதல் காசு கேட்பார்கள், கொடுங்கள். (அக்கா, உங்கள் அம்மாவுக்கு அது கிடைக்காது. அவசரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்களுக்குத்தான் தருவார்கள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகளுக்குத் தரமாட்டார்கள்.) அந்த வரிசையில் திரையும் தட்டும் கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும், அதனால் கைப்பிடி தூக்காது, சீட் கொஞ்சம் குறுகலாகத் தெரியும். கதவோரம் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். அதற்கு நேர் முன்னால் இருக்கிற வரிசை பல விமானங்களில் சாயாது, பதியும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். நடைபாதை ஓரச் சீட்டில் வெளிப்பக்கக் கைப்பிடிக்கு அடியில், கீல் பக்கமாகத் தடவினால் ஒரு சின்னப் பொத்தான் பல விமானங்களில் இருக்கும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே போகும். அப்புறம் பெரிய பவர் பேங்க் ஒன்று எடுத்துக்கொண்டால் கைப்பேசிக்குக் கவலையில்லை.

சிராங்கூன்_கோப்பிக்கடை

சீட் சண்டை இருக்கட்டும், சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே.

பாரிஸ் போகிற விமானம். பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர், மகனைப் பார்க்கப் போகிறார். சிறப்பு உணவு முதலில் வருமல்லவா, அவருக்கு முதலில் வந்தது. சந்தோஷமாக மூடியைப் பிரித்து, சோற்றையும் குழம்பையும் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். கோழி. மெல்ல எடுத்துக் காகிதத்தில் வைத்து, அதை மடித்து, இன்னும் மடித்து, சின்னதாக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. நான்தான் சிப்பந்தியைக் கூப்பிட்டேன். பாவம், அந்தப் பெண்ணும் தேடிப் பார்த்தார். சைவம் மீதியில்லை. ரொட்டியும் பழமும் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இறங்கும்வரை எதுவும் சாப்பிடவில்லை.

மகன் "இந்து உணவு" என்று பதிந்திருக்கிறார். அதில் மாட்டிறைச்சி இருக்காது, அவ்வளவுதான். கோழி, ஆடு, மீன் எல்லாம் வரும். சைவம் வேண்டுமென்றால் "ஏவிஎம்எல்" என்று பதிய வேண்டும், நம்மூர் மசாலா சேர்த்த சைவம் அது. வெங்காயம் பூண்டும் ஆகாது என்றால் ஜைன உணவு, "விஜேஎம்எல்". கிளம்புவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே பதிந்துவிடுங்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு நீங்களே பாருங்கள், ஏஜென்டை நம்பாதீர்கள்.

தாதி_தோபாயோ

தெம்பனிஸ் தங்கச்சி, உங்கள் அம்மா கதைக்காகத்தான் எழுத வந்தேன். என் கதை சின்னது. நடு இரவில், "டாக்டர், தாதி யாராவது இருக்கிறீர்களா?" என்று அறிவித்தார்கள். போனேன். டாய்லெட் வாசலில் நடுத்தர வயது ஆள் ஒருவர் விழுந்து கிடக்கிறார், நெற்றியெல்லாம் வியர்வை, கை ஜில்லென்று இருக்கிறது. தலையணைகளை அடுக்கி அதன்மேல் காலைத் தூக்கி வைத்தோம், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். இரண்டு கிளாஸ் ஒயினும் ஒரு தூக்க மாத்திரையும் எடுத்திருக்கிறார், தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்த பிடி இருக்கிறதே, மணிக்கட்டில் நகம் பதிந்துவிட்டது.

இப்போது உங்கள் அம்மா விஷயம். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, ஓரிரு நாளில் வடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைச் சதை வலித்தால், தொட்டால் சூடாக இருந்தால், அது ரத்தக்கட்டாக, அதாவது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். பலதுறை மருந்தகத்தில் வரிசை நீளம் என்று தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக 995, சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண். இறங்கிய அன்றுதான் வரும் என்றில்லை, சில வாரம் கழித்தும் வரும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு முடிவு ஒன்று: நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தால் இந்த ரத்தக்கட்டு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும், காரணம் அசையாமல் உட்கார்ந்திருப்பது. ஆனாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது, அதனால் பயந்து பயணத்தை நிறுத்த வேண்டாம். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. 1.9 மீட்டருக்கு மேல் உயரமானவர்களுக்கும் 1.6 மீட்டருக்குக் குறைவானவர்களுக்கும் ஆபத்து கூடுதல். ஊட்லண்ட்ஸ் தம்பி, நீங்களும் கவனியுங்கள். குள்ளமானவர்களுக்கு ஏன் என்று பலர் கேட்பார்கள். பாதம் தரையில் படாமல் தொங்கினால் சீட் விளிம்பு தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டே இருக்கும். உங்கள் அம்மா உயரம் எவ்வளவு? நம் அம்மாக்கள் பலர் ஐந்தடிதான். சின்னப் பை ஒன்றைக் காலுக்கடியில் போட்டுப் பாதம் முழுசாகப் பதியும்படி வைத்துவிடுங்கள்.

கம்ப்ரெஷன் சாக்ஸ், அதாவது காலை இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ், வாங்கும்போது "பெரியது, சின்னது" என்று குத்துமதிப்பாக வாங்காதீர்கள். காலையில் எழுந்ததும், வீக்கம் வருவதற்கு முன்பு, கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து அதற்கேற்றதை வாங்குங்கள். முட்டிக்குக் கீழே மடிப்பு விழக் கூடாது. சர்க்கரை நோயோ கால் ரத்தக்குழாயில் அடைப்போ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் போடுவதும் வேண்டாம்.

தண்ணீர். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போகும், சிங்கப்பூரில் நாம் இருப்பது ஏறக்குறைய 80இல். சாங்கியில் முனையம் 1, 2, 3 எல்லாவற்றிலும் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான், வெளியே வாங்கிய தண்ணீரை அங்கே கொட்ட வேண்டிவரும். காலிப் போத்தலை எடுத்துக்கொண்டு போங்கள், உள்ளே சிப்பந்தியிடம் கொடுத்தால் நிரப்பித் தருவார். முந்தைய நாள் கொண்டைக்கடலை, ராஜ்மா வேண்டாம். மேலே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல இருக்கும், வயிற்றிலிருக்கும் காற்று விரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே, அம்மாவுக்கு நடைபாதை ஓரம் பதியுங்கள். ஜன்னலில் என்ன பார்க்கப்போகிறார், இரவு முழுக்க இருட்டு. ஓரத்தில் இருந்தால் யாரையும் கேட்காமல் எழுந்துபோவார்.

புங்கோல்_புதுஅம்மா

ஈசூன்காரன் அண்ணே, "அது அவருடைய இடம்" என்று சொன்னீர்கள். எகனாமியில் யாருடைய இடமும் முழுசாக அவருடையது இல்லை. என் கதையைக் கேளுங்கள்.

ஏழு மாதக் குழந்தையோடு தனியாக ஆம்ஸ்டர்டாம் போனேன். தடுப்புச் சுவருக்கு முன்னால் தொட்டில் மாட்டுகிற சீட். தொட்டிலில் பிள்ளை தூங்கினான், பெல்ட் விளக்கு எரிந்தது, தூக்கி மடியில் வைத்துப் பெல்ட் போடு என்றார்கள். மறுபடி தூங்கவைத்தால் மறுபடி விளக்கு. இதுவே இரவு முழுக்க. ஒரு கட்டத்தில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மலாய் மக்சிக் (வயதான மலாய் அம்மா), ஒரு வார்த்தை பேசாமல் தன் சால்வையை மடியில் விரித்து இரண்டு கையையும் நீட்டினார். "டாய்லெட் போய்விட்டு முகம் கழுவிக்கொண்டு வா" என்றார். நான் திரும்பி வந்தபோது பிள்ளை அவர் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான். அவருடைய சாப்பாடு தட்டில் ஆறிப்போயிருந்தது.

அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அதுதான் மனதைக் குடைகிறது.

குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: இறங்கத் தொடங்கும்போது, அதாவது தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே, பால் கொடுக்கத் தொடங்குங்கள். விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும்.

ஊட்லண்ட்ஸ்_தம்பி

ஈசூன் அண்ணே, கேட்கவே கூடாது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்குப் பின்னால் இருந்தவர் வாயால் கேட்டிருந்தால் குத்தியிருக்க மாட்டார். நான் கேட்டது சரிதான். பாதி நேரம் அவர், பாதி நேரம் நான் என்று பேசி முடித்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். தாதி அக்கா, 1.9 மீட்டர் விஷயம் எனக்குப் புதுசு, சாக்ஸ் வாங்கிவிடுகிறேன்.

ஜூரோங்_வெஸ்ட்

சொகுசு பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். நான் பெல்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். வங்கக் கடலுக்கு மேலே ஒரு குலுக்கலில் எனக்கு முன் வரிசையில் இருந்த பையன் தலை மேற்கூரையில் இடித்தது. போர்வைக்குள் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுருண்டு படுத்திருந்தான். பெரிய அடி இல்லை, ஆனால் அந்த 'டொக்' சத்தத்தில் விமானமே அமைதியாகிவிட்டது. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்கியூ 321 மியான்மருக்கு மேலே குலுங்கி, பேங்காக்கில் இறங்கியதும், ஒருவர் உயிர் போனதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். போர்வையைப் போர்த்திவிட்டு அதற்கு மேலே பெல்ட்டைப் போடுங்கள். சிப்பந்திக்கும் கண்ணில் படும், சரிபார்க்க உங்களை எழுப்ப மாட்டார்.

அப்புறம், ஈசூன் அண்ணே சொன்ன பவர் பேங்க். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் இரண்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கால் கைப்பேசியை சார்ஜ் செய்யக் கூடாது, பவர் பேங்க்கையும் சார்ஜ் செய்யக் கூடாது. எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் கைப்பையில்தான், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. சீட்டில் இருக்கிற யுஎஸ்பி துளைக்குப் பொருந்துகிற கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும்.