முழுச் சந்திர கிரகணம்: செந்நிறம் படத்தில் பதிய என்ன அளவுகள்?

கேள்வி: 2028 டிசம்பர் 31 இரவு நிகழும் முழுச் சந்திர கிரகணத்தை 300 மி.மீ. லென்சில் எடுக்க விரும்புகிறேன். பௌர்ணமிக்கு வைக்கும் கேமரா அளவுகளையே கடைசிவரை தொடரலாமா?

பதில் 1: தொடர இயலாது. பூமியின் நிழலுக்குள் முழுதும் புகுந்த நிலா பல்லாயிரம் மடங்கு மங்கிவிடுவதால், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 200, எஃப்/8 (லென்ஸ் திறப்பு), 1/250 நொடியில் பளிச்செனப் பதியும் வட்டம் அப்போது வெறும் கறுப்பாகவே வரும். முக்காலியில் பொருத்தி, ஐஎஸ்ஓ 1600, எஃப்/5.6, அரை நொடி என்று தொடங்குங்கள்.

பதில் 2: நேரத்தை அதற்குமேல் நீட்டினால் நிலா நகர்ந்து விளிம்பு கலங்கும், ஐஎஸ்ஓவை உயர்த்துவதே மேல்.

பதில் 3: எந்த அளவும் நிலையானதன்று. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை கக்கிய துகள்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் தங்கியிருந்ததால், 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா மிகவும் இருண்டு போனது. ஆகவே ஒவ்வொரு படத்தையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்து மாற்றுங்கள். முழுமை தொடங்கும் வேளையில் ஓசோன் படலத்தால் விளிம்பில் தோன்றும் மெல்லிய நீலச் சாயலை, கேமராவைச் சற்று விட்டுவிட்டு, பைனாகுலரில் அவசியம் பாருங்கள்.