பாத்திரத்தைக் கவிழ்த்தால் ஆட்சிக்கு ஏன் வலிக்கிறது?

மோல்மேன்காரன்:
பர்மாவில் பொங்கி, அதாவது புத்த பிக்கு, ஆட்சியைக் கண்டித்தால் தர்மம், ஆட்சி பதில் சொன்னால் பாவம் என்று இங்கே ஒரே பாட்டு. 2007 செப்டம்பர் 5-ல் பக்கோக்கு ஊரில் ராணுவம் பொங்கிகளை அடித்தது தப்புதான். மறுநாள் மடத்துக்குப் போன அதிகாரிகளைச் சில மணி நேரம் அடைத்து வைத்து, வண்டிகளைக் கொளுத்தியது யார்? எந்த அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்?

பெகு வாத்தியார்:
தம்பி, முன்னும் பின்னும் விட்டுவிட்டீர்கள். ஆகஸ்ட் 15-ல் டீசல் விலையை ஒரே ராத்திரியில் இரண்டு மடங்காக்கினார்கள், அதில் தொடங்கியது. பக்கோக்கு அடிக்கு செப்டம்பர் 17-க்குள் மன்னிப்புக் கேளுங்கள் என்று கெடு வைத்தார்கள். கேட்கவில்லை. 18-ல் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள், அதாவது ஆட்சிக்காரர்களிடம் தானம் வாங்க மாட்டோம் என்றார்கள்.

அது தெருமறியல் இல்லை, விநயத்தில், அதாவது பிக்குகளின் ஒழுக்க விதிகளில், உள்ள சங்க காரியம். இல்லறத்தான் செய்யும் எட்டுக் குற்றங்களுக்கு அது உண்டு: பிக்குகளுக்குக் கிடைப்பதைக் கெடுப்பது, தீங்குக்கு வழி பார்ப்பது, இருக்க இடமில்லாமல் செய்வது, ஏசுவது, அவர்களுக்குள் பிளவு மூட்டுவது, பிறகு புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் தனித்தனியே இகழ்வது. சீமைக்குள், அதாவது சங்கம் கூட எல்லை வகுத்த இடத்துக்குள், குறைந்தது நாலு பிக்கு கூட வேண்டும். ஒருவர் முன்மொழிவை ஓதி, ஒரே ஒரு தடவை அறிவிப்புச் செய்வார். எல்லோரும் மௌனமாக இருந்தால் நிறைவேறியது. அதற்கப்புறம் அந்த ஆளிடம் சோறும் வாங்குவது கிடையாது, சீவரம் என்ற துறவு ஆடையும் வாங்குவது கிடையாது. மீள்வதற்கும் வழி உண்டு. இப்படிப் பாத்திரம் கவிழ்க்கப்பட்ட வட்டன் என்ற லிச்சவி குலத்தான் ஈரத் துணியும் ஈரத் தலையுமாக வந்து புத்தர் காலில் விழுந்து தப்பை ஒப்புக்கொண்டான். சங்கம் பாத்திரத்தை நிமிர்த்தியது. ஜெனரல்களுக்கும் அந்தக் கதவு திறந்தேதான் இருந்தது.

டவுன்தெரு:
ஐயா சொன்ன முறை சரி. ஆனால் அது ஏன் முழுசாகக் கடிக்கவில்லை என்பதையும் பார்க்கணும். ராத்திரிச் செய்தியில் ஜெனரல் சீவரம் கொடுப்பதைக் காட்டாத நாள் குறைவு. ஆட்சிக்கு அதுதான் முத்திரை, அதனால்தான் வலி. ஆனால் நாடு முழுக்க ஒரே சீமை கிடையாது. ஒரு மடம் கவிழ்த்தாலும் பக்கத்து மடம் ஏற்றுக்கொண்டால் கேமராவுக்குப் படம் கிடைத்துவிடும். செப்டம்பர் 24-ல் மத விவகார அமைச்சர் தொலைக்காட்சியில் எச்சரித்தார். 47 சயாடோக்கள், அதாவது மூத்த பிக்குகள், கொண்ட அரசு சங்க மகாநாயகக் குழுவும் லௌகீக விஷயத்தில் தலையிடாதீர்கள் என்று உத்தரவு போட்டது. 25-ல் ஊரடங்கு. 26 ராத்திரி மடங்களுக்குள் பூட்ஸ் கால் நுழைந்தது.

மோல்மேன்காரன்:
அந்தக் குழு நேற்று முளைத்ததா? 1980-லேயே எல்லாப் பிரிவும் கூடிய மாநாட்டில் அமைத்தது. சங்கத்தைச் சுத்தப்படுத்துவது மன்னர் காலத்து வேலை, யார் ஆண்டாலும் செய்வார்கள்.

பெகு வாத்தியார்:
மன்னர் சுத்தப்படுத்தினார், சரி. இவர்கள் எதிர்ப்பு வந்த நேரம் பார்த்து அல்லவா சுத்தப்படுத்தினார்கள்! 1990 ஆகஸ்டில் மாண்டலேயில் துப்பாக்கிச் சூடு, மாதக் கடைசியில் பாத்திரம் கவிழ்ந்தது. அக்டோபர் 31-ல் 20/90 சட்டம் வந்தது: அரசு ஏற்ற ஒன்பது பிக்குப் பிரிவுக்கு வெளியே சங்கம் வைத்தால் சிறை. 2007-ல் இன்னும் சுருக்கமான வழி, ‘போலிப் பொங்கி’ என்று பத்திரிகையில் எழுதுவது. போலி என்று ஆன பிறகு விநய விசாரணை எதற்கு, போலீஸ் போதுமே.

சீவரத்தைப் பிடுங்கினால் துறவு போய்விடாது என்பதையும் சொல்கிறேன். பிக்கு தானாக வாய்விட்டுச் சொல்லித் துறக்க வேண்டும், இல்லை பாராஜிகம் என்ற நாலு பெரும் குற்றத்தில் ஒன்று செய்திருக்க வேண்டும். 2007 போராட்டத்தை முன்னின்று நடத்திய பொங்கி ஊ கம்பிராவுக்கு 2008-ல் 68 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். 2012 ஜனவரியில் விட்டபோது மடங்கள் சேர்க்கப் பயந்தன. சட்டம் தொட முடியாததை அந்தப் பயம் செய்துவிட்டது.

மோல்மேன்காரன்:
அப்படியானால் 2017-க்கு பதில் சொல்லுங்கள். மே 23-ல் அதே குழுதான் மபதா என்ற பௌத்த தேசியவாத அமைப்பின் பெயருக்குத் தடை போட்டது. அதற்கு முன் மார்ச்சில் அதன் முன்னணிப் பொங்கி விராத்துவுக்கு ஓராண்டு பிரசங்கத் தடை. அப்போது ஆண்டது சூச்சி அம்மா கட்சி. கைதட்டினீர்களே!

பெகு வாத்தியார்:
சோறு வாங்க மாட்டேன் என்பதும் முஸ்லிம் கடையில் வாங்காதே என்று விராத்து சொல்வதும் ஒன்றா? முன்னது தன் வயிற்றைக் காயப்போடுவது.

டவுன்தெரு:
கேள்வி அது இல்லை, ஐயா. இரண்டு ஆட்சிக்கும் அந்தக் குழு என்ற கருவி ஒன்றுதானே. அதுவும் மழுங்கிய கருவி. பெயர்ப்பலகை இறங்கியது, புத்த தம்ம பரஹித அறக்கட்டளை என்று வேறு பலகை ஏறியது, ஆட்கள் அப்படியே. 2019 மே மாதம் விராத்து மேல் ராஜத்துரோக வாரண்ட். 2020 நவம்பரில் தானாகச் சரணடைந்தார். 2021 செப்டம்பரில் ராணுவம் வழக்கை வாபஸ் வாங்கி விட்டுவிட்டது. 2023 ஜனவரியில் பட்டமும் கொடுத்தது. ஒரே ஆள், ஒரே பேச்சு. அவரிடம் திட்டு வாங்கிய சூச்சி மட்டும்தான் ஆட்சியிலிருந்து இறங்கினார். மோல்மேன் அண்ணே, சங்கத்தைச் சுத்தப்படுத்துவது என்றீர்களே, இதில் எதைச் சுத்தப்படுத்தினார்கள்?

மோல்மேன்காரன்:
பட்டம் கொடுத்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் 47 பேர் குழுவைக் கலைத்தால் ஒன்பது பிரிவுக்கும் வழக்குத் தீர்ப்பது யார்? மடத்து நிலத் தகராறு, சீடன் தகராறு எல்லாம் அங்கேதான் போகிறது. அதற்கு ஒரு வழி சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.