சங்கத்துச் சாவி யாரு கையில இருக்கணும்?

மூணுசக்கரம் (தக்கலை பக்கம்):
மக்களே ஒரு விஷயம் பேசணும். நம்ம பக்கத்துல மாற்றுத்திறனாளிகளுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு, பேரு வேண்டாம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். பதினாலு வருஷமா ஓடுது, முழுக்க தன்னார்வலர்கள்தான், சம்பளம் வாங்குற ஆளு ஒருத்தரும் கெடையாது. நல்லது நெறைய செஞ்சிருக்காவ, எனக்கு பக்கச்சக்கரம் வச்ச ஸ்கூட்டருக்கு மனு எழுதித் தந்ததே அவங்கதான், நன்றி மறக்கல. ஆனா கமிட்டியில ஒம்பது பேரு, அதுல எங்கள மாதிரி ஆளு ஒரே ஒருத்தர், அதுவும் துணைத்தலைவர், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின விழாவுல துண்டு போட்டு மேடையில இருத்துறதுக்கு. அடுத்த மாசம் பொதுக்குழு. ஒம்பதுல அஞ்சு இடம் மாற்றுத்திறனாளிகளுக்கோ, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைங்களோட அம்மா அப்பாவுக்கோ குடுக்கணும்னு விதியில திருத்தம் கேட்டு இருவது பேரு கையெழுத்து போட்டுக் குடுத்தோம். வந்த பதிலு, "சேவை செய்ய வர்றவங்கள வெரட்டப் பாக்குதீங்களா"ன்னு.

ஒரு உதாரணம் சொல்லுதேன். ரெண்டு வருஷம் முன்னால ஆபீசுக்கு சாய்தளம் கட்டுனாவ. வாசல் திண்ணை ரெண்டடி உயரம். ஒண்ணுக்கு பன்னெண்டுன்னு ஒரு கணக்கு இருக்கு, ரெண்டடி ஏறணும்னா இருவத்துநாலு அடி நீளம் வேணும். இவங்க கட்டுனது எட்டடி இருக்கும், அதுல பளபளன்னு டைல்ஸ் வேற. ஐப்பசி மழையில அதுல வீல்சேர்ல எறங்குனா நேரா ரோட்டுல, பஸ்சுக்கு முன்னால. கட்டுறதுக்கு முன்ன எங்கள்ல ஒருத்தன்ட்ட கேட்டிருந்தா போதும். தெறப்பு விழாவுக்கு மட்டும் கூப்பிட்டாவ.

ரப்பர்காடு:
எலக்சன் புத்தி சங்கத்துக்குள்ளயும் வந்தாச்சு. கொள்ளாம்.

டீச்சர்_ரிட்டயர்டு:
தம்பி, நீ யாருன்னு எனக்குத் தெரியும், நான் யாருன்னும் உனக்குத் தெரியும், அதனால நேராவே பேசுதேன். நான் அந்த கமிட்டியில பன்னெண்டு வருஷமா இருக்கேன். சாய்தளம் கட்டுன மேஸ்திரி கூலி வாங்காம வேல பாத்த மனுஷன், டைல்ஸ் ஒரு கடைக்காரர் தந்தது, ஓசியில கெடச்சத வச்சு கட்டுனோம், அளவு தப்பா இருக்கலாம், நீ வந்து சொல்லியிருக்கலாமே.

இப்ப நான் என்ன வேல பாக்கேன்னு சொல்லுதேன். நன்கொடைக்கு 80ஜி வரிச்சலுகை வேணும்னா ஒவ்வொரு வருஷமும் மே 31க்குள்ள 10பிடிங்குற நன்கொடைக் கணக்க ஆன்லைன்ல ஏத்தணும், குடுத்தவங்க ஒவ்வொருத்தர் பான் நம்பரோ ஆதார் நம்பரோ வேணும், அம்பது ரூவா குடுத்தவர்ட்ட பான் நம்பர் கேட்டா அவரு நம்மள கள்ளன் மாதிரி பாப்பாரு. ஆடிட்டர்ட்ட கணக்கு, கமிட்டி மாறினா பதிவாளர் ஆபீசுக்கு பாரம் 7, இதெல்லாம் யாரு செய்யுதா? ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியில மெடிக்கல் போர்டுக்கு ஆள கூட்டிட்டுப் போயி, டோக்கன் எடுத்து, மத்தியானம் வரைக்கும் நின்னு, தனித்துவ அடையாள அட்டைக்கு போட்டோ ஏத்தி, அது திரும்பி வந்து, மறுபடி ஏத்தி... இந்த வேலைக்கு வர நாலு பேரு இல்ல, பதவிக்கு மட்டும் அஞ்சு பேரா? வேல செய்யுறவங்கதான் தீர்மானிக்கணும். அதுல என்ன தப்பு?

மூணுசக்கரம்:
டீச்சர் வணக்கம். சாய்தளத்தப் பத்தி சொன்னேன். கட்டுன அன்னைக்கே சொன்னேன். "ஓசி மாட்ட பல்ல புடிச்சி பாக்காத"ன்னு செயலாளர் சிரிச்சாரு, நீங்களும் பக்கத்துல நின்னீங்க.

அப்புறம் வேல செய்யுறவங்கதான் தீர்மானிக்கணும்னா, ஆஸ்பத்திரி வரிசையில உங்ககூட அதே மத்தியானம் வரைக்கும் நாங்களும்தான இருந்தோம்? நீங்க நின்னீங்க, நாங்க தரையில இருந்தோம், அதான் வித்தியாசம். எங்க உடம்ப வச்சுதான் சங்கமே நடக்குது.

குவைத்தண்ணன்:
நான் கருங்கல்காரன், இங்க பதினாறு வருஷம். மாசாமாசம் அந்த சங்கத்துக்கு பைசா அனுப்புதேன். ஏன் அனுப்புதேன்னா டீச்சர் படிப்பிச்ச பிள்ளை நான், அவங்க ஒரு ரூவா தொடமாட்டாங்கன்னு தெரியும். நாளைக்கு புது கமிட்டி வந்து ஒருத்தனுக்கொருத்தன் சண்ட போட்டா நான் அனுப்புவனா? நம்பிக்கைக்கு விதி எழுத முடியாது கேட்டியா. அதுபோக கால் இல்லாதவருக்கு அன்பு இருக்கு, அனுபவம் இருக்கு, சரி, கணக்கு வழக்கு பாக்கத் தெரியணும்ல?

மூணுசக்கரம்:
அண்ணே கணக்கு கால்லயா எழுதுறாங்க?

தென்காசி பக்கம் ஆய்க்குடி போயிருக்கியளா? அமர் சேவா சங்கம், அதுவும் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ளதுதான். ராமகிருஷ்ணன் சார் 1975ல இன்ஜினியரிங் படிக்கும்போது கடற்படைக்கு ஆளெடுக்குற தேர்வுல விழுந்து கழுத்துக்குக் கீழ செயலிழந்தவரு. 1981ல அவரு ஆரம்பிச்சதுதான் அது, 2020ல பத்மஸ்ரீ குடுத்தாவ. அங்க செயலாளர் சங்கரராமன் சார் தசைச்சிதைவு உள்ளவரு, வீல்சேர்ல இருக்குறவரு, அவரு ஒரு சார்ட்டர்டு அக்கவுண்டன்ட். உங்க கணக்கு வழக்குக்கு இது போதுமா?

குவைத்தண்ணன்:
அவங்க பெரிய ஆளுங்கடே. ஊருக்கு ஒரு ராமகிருஷ்ணன் கெடைப்பாரா.

மூணுசக்கரம்:
ஊருக்கு ஒரு டீச்சர் மட்டும் கெடைப்பாங்களாக்கும். அவங்களுக்கும் வயசாகுது அண்ணே. அவங்களுக்குப் பெறகு யாருன்னு யோசிச்சியளா?

அமெரிக்காவுல பெர்க்லின்னு ஒரு ஊருல 1972ல ஊனமுற்றவங்களே சேந்து, சுயமா வாழ உதவுற ஒரு மையம் தொடங்குனாவ, அதப் பாத்து அந்த நாட்டு சட்டத்துலயே இந்த மாதிரி மையத்துக்கு பணம் வேணும்னா நிர்வாகக் குழுவுல பாதிக்கு மேல மாற்றுத்திறனாளிங்க இருக்கணும்னு எழுதிட்டாவ. அதத்தான் நாங்களும் கேக்கோம், ஒம்பதுல அஞ்சு. அங்க எதுக்கு, நம்ம ஊராட்சியிலயும் மாநகராட்சியிலயும் மாற்றுத்திறனாளிய நியமன உறுப்பினரா போடணும்னு 2025ல நம்ம சட்டசபையிலேயே சட்டம் போட்டாச்சே.

டீச்சர்_ரிட்டயர்டு:
அந்த சட்டத்துல ஊராட்சிக்கு ஒருத்தர்தான் தம்பி. எங்க கமிட்டியிலயும் ஒருத்தர் இருக்காரே.

ரப்பர்காடு:
டீச்சர் செம 😂

மூணுசக்கரம்:
சரி டீச்சர், அந்த பாயிண்ட் உங்களுக்கு. ஆனா இன்னொண்ணு. ஸ்டோர் ரூம் சாவி. போன சித்திரையில ஒரு ஞாயித்துக்கிழம, எங்க தெருவுல பக்கவாதம் வந்த ஒரு தாத்தாவ ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, வீல்சேரும் தண்ணிமெத்தையும் வேணும். ரெண்டும் ஸ்டோர்ல கெடக்கு. சாவி செயலாளர் வீட்ல. அவரு குடும்பத்தோட திருவனந்தபுரத்துல கல்யாணத்துக்குப் போயிட்டாரு. போன் பண்ணுனா "நாளைக்கு பாக்கலாம்"ன்னாரு, தப்பா சொல்லல, அவருக்கும் குடும்பம் இருக்கு. ஆனா அந்த தாத்தா ரெண்டு நாளு பாயில ஒரே பக்கமா கெடந்தாரு, முதுகுல செவந்துபோச்சு, அது புண்ணாச்சுன்னா என்னான்னு எனக்குத் தெரியும், எனக்கு வந்திருக்கு, ஆற ஏழு மாசம் ஆச்சு. சாவி ஸ்டோருக்கு எதுத்த வீட்ல இருக்குற எங்க ஆளுட்ட ஒண்ணு குடுங்கன்னு கேட்டோம். "பொருளு போனா யாரு பொறுப்பு"ன்னு கேட்டாவ. எங்களுக்குன்னு வாங்குன வீல்சேர நாங்களே களவாண்டு எங்க கொண்டு போவோம் டீச்சர்?

கோட்டாறுமிளகா:
களவாண்டு அந்த சாய்தளத்துலயா தள்ளிட்டு போவாவ. உருண்டு தானா வந்துரும்லா.

குளச்சல்கரை:
எல்லாரும் பேசியாச்சா. நான் ஒரு அம்மா. எம் பையனுக்கு பத்தொம்பது வயசு, பெருமூளை வாதம், பேச்சு கெடையாது, நடக்க மாட்டான், ஆனா நான் சொல்றது எல்லாம் அவனுக்கு வெளங்கும். ரெண்டு பக்கத்துக்கும் சேத்து சொல்லுதேன், கோவப்பட வேண்டாம்.

டீச்சர், நீங்க இல்லன்னா எனக்கு பாதுகாவலர் சான்றிதழ் கெடச்சிருக்காது. பதினெட்டு வயசு முடிஞ்சா பெத்த அம்மாவா இருந்தாலும் அவனுக்கு வேண்டி கையெழுத்து போட சட்டம் விடாதுன்னு எனக்கு அப்பதான் தெரியும். 1999ல வந்த தேசிய அறக்கட்டளை சட்டப்படி கலெக்டர் தலைமையில ஒரு கமிட்டி இருக்கு, அங்க என்ன எழுதணும் என்ன பேசணும்னு நீங்கதான் சொல்லித் தந்தீங்க. அந்த கமிட்டியில யாரு யாருன்னும் நீங்கதான் சொன்னீங்க, கலெக்டர், பதிவு செஞ்ச அமைப்புல இருந்து ஒருத்தர், மாற்றுத்திறனாளி ஒருத்தர். கலெக்டரே தனியா தீர்மானிக்கக் கூடாதுன்னு சட்டம் வச்சிருக்கு. செயலாளர் மட்டும் தனியா தீர்மானிக்கலாமா?

இப்ப தம்பிட்ட கேக்கேன். நீ கேக்குற அந்த அஞ்சு இடத்துல யாரு இருப்பா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு சொல்லியிருக்கு. உங்க இருவது கையெழுத்தையும் நான் பாத்தேன். பதினேழு பேரு கால் பாதிச்ச ஆம்பளைங்க, எல்லார்ட்டயும் ஸ்கூட்டர் இருக்கு. காது கேக்காத பிள்ளைங்க ஒண்ணுகூட இல்ல. பொம்பளைங்க ரெண்டே பேரு. எம் பையன மாதிரி பிள்ளைங்க அம்மா ஒருத்தியும் இல்ல, என்ட்ட யாரும் கேக்கவும் இல்ல.

மூணு வருஷமா நான் ஒரே ஒண்ணுதான் கேக்கேன். ஆபீஸ்ல ஒரு மறைவும் ஒரு பெஞ்சும். பத்தொம்பது வயசு ஆம்பளப் பிள்ளைக்கு டயப்பர் மாத்தணும். கூட்டம் நாலு மணிநேரம் நடக்கும், நான் அவன ஆட்டோவுக்குள்ள வச்சு, துப்பட்டாவ ரெண்டு பக்கமும் பிடிக்கச் சொல்லி மாத்துவேன், ஆட்டோக்காரர் நல்ல மனுஷன், அங்குட்டு திரும்பி நிப்பாரு. இத கமிட்டியில சொன்னேன், பாப்போம்னாங்க, அந்த வருஷ விழாவுக்கு வாசல்ல பூ வளைவு வச்சாங்க. சரி நம்ம ஆளாச்சேன்னு துணைத்தலைவர்ட்ட சொன்னேன். "இதெல்லாமா கூட்டத்துல பேசுறது"ன்னு சிரிச்சாரு. அவரும் மாற்றுத்திறனாளிதான்.

மூணுசக்கரம்:
அக்கா... இத நான் யோசிக்கல. உண்மைய சொல்லுதேன், "அம்மா அப்பாவுக்கு"ன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சிதுன்னு நெனச்சேன், ஒங்க யார்ட்டயும் வந்து கேக்கல. நாங்க கமிட்டிய என்ன சொல்லி திட்டுனோமோ அதையே நாங்களும் செஞ்சிருக்கோம். மனுவ மாத்தி எழுதுதேன். அஞ்சுல ரெண்டு அம்மாக்களுக்கு. அஞ்சுல ரெண்டாவது பொம்பளைங்க. சரியா இருக்குமா?

குளச்சல்கரை:
ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா, பேசலாம். சாய்தளம் கெடையாது, மூணு படி இருக்கு, எங்க வீட்டுக்காரரு தூக்குவாரு.

ரப்பர்காடு:
நான் ஒண்ணு கேக்கட்டா, கிண்டல் இல்ல. தன்னார்வலர்னு சொல்லி ஏன் எல்லாத்தையும் ஒரு ரிட்டயர்டு டீச்சர் தலையில கட்டணும்? ஒரு ஆளுக்கு சம்பளம் குடுத்து வைங்க. அதுவும் மாற்றுத்திறனாளியா பாத்து வைங்க. ரப்பர் பால்வெட்டுக்கே தோட்டத்துல ஆளுக்கு கூலி உண்டு, இங்க மட்டும் எல்லாம் புண்ணியத்துல நடக்கணுமா. புண்ணியத்துக்கு செய்யுற ஆள கேள்வி கேக்க முடியாது, அதான் உங்க பிரச்சினையே.

குவைத்தண்ணன்:
சம்பளத்துக்கு பைசா யாரு தருவா? வீல்சேருக்குன்னா குடுப்பாங்க, சம்பளத்துக்குன்னா ஒருத்தனும் குடுக்க மாட்டான். நானே குடுப்பனான்னு தெரியல.

ரப்பர்காடு:
அப்ப அஞ்சு வீல்சேரு ஸ்டோருல பூட்டியே கெடக்கட்டும், தெறக்க ஆளு வேண்டாம்.

டீச்சர்_ரிட்டயர்டு:
ராத்திரி இதையெல்லாம் திருப்பி திருப்பி படிச்சேன். கமலா, (பேரு மாத்தி சொல்லுதேன், உனக்கு வெளங்கும்) அந்த மறைவு விஷயம் நீ சொன்ன அன்னைக்கு நான் மினிட் புக்குல எழுதுனேன், எழுதுனதோட சரி. அதுக்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

ஆனா தம்பி, அஞ்சு இடங்குறதுக்கு நான் இன்னும் எதிர்தான். கோட்டா வச்சா ஆளு வருவாங்க, வேல வருமா? நான் பயப்படுறது இதுக்குத்தான். ரெண்டு கூட்டத்துக்கு வந்துட்டு மூணாவதுக்கு யாரும் வராம, மே மாசம் 31ந்தேதி ராத்திரி பத்து மணிக்கு நான் ஒருத்தி கம்ப்யூட்டர் முன்னால இருந்த வருஷம் உண்டு. விதித் திருத்தத்துக்கு வந்திருக்குற ஆளுங்கள்ல நாலுல மூணு பங்கு ஓட்டு வேணும், உனக்கு அது கெடைக்காதுன்னு தோணுது. மூணு இடத்துல ஆரம்பிப்போம், கூடவே எங்க ஒவ்வொருத்தர் வேலையையும் ஒரு வருஷம் பக்கத்துல இருந்து படிங்க, 10பிடியும் சேத்து. கமிட்டிக்கு எப்பிடியும் மூணு வருஷம்தான் காலம், அடுத்த தடவ நானே எந்திரிச்சு இடம் தாறேன்.

மூணுசக்கரம்:
மூணு வருஷம்தான் காலம், ஆனா திரும்பத் திரும்ப அதே ஆளுங்களதான தேர்ந்தெடுக்கோம் டீச்சர். பன்னெண்டு வருஷம்னா நாலு தடவ. படிக்க நாங்க ரெடி, இந்த மே மாசமே நான் வந்து பக்கத்துல இருக்கேன். ஆனா படிச்சு பாஸானாத்தான் எங்க சங்கத்துல எங்களுக்கு இடம்னா, இப்ப இருக்குற ஒம்பது பேரு என்ன பரிச்ச எழுதுனாவ? மூணு போதாது. மூணு பேரு கை தூக்குனா ஆறு பேரு போட்டோ எடுப்பாவ. பொதுக்குழுவுல தோத்தாலும் பரவால்ல, ஓட்டுக்கு விடுங்க. அதுக்கு முன்ன ஒண்ணு, கூட்டம் மாடி ஹால்லன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே, பாத்தீங்களா?

கோட்டாறுமிளகா:
அடப்பாவிகளா மாடியிலயா

டீச்சர்_ரிட்டயர்டு:
செயலாளர்ட்ட பேசிட்டேன். கீழ ஹாலுக்கு மாத்தியாச்சு, புது நோட்டீஸ் வரும். மறைவுக்கு தச்சன்ட்ட சொல்லியிருக்கேன், கமலா வந்து அளவு சொல்லட்டும். சாவி ஒண்ணு எதுத்த வீட்ல குடுக்குறதுக்கு அவரு இன்னும் சம்மதிக்கல, பேசிட்டு இருக்கேன். ஓட்டு நான் எதிராத்தான் போடுவேன், அத இப்பவே சொல்லிடுதேன்.

அப்புறம் இன்னைக்கு காலையில டேப் எடுத்துட்டுப் போயி சாய்தளத்த அளந்தேன். எட்டடி இல்ல தம்பி. ஏழே முக்கால்.

மூணுசக்கரம்:
எறங்கும்போது எடது பக்கம் கைப்பிடியும் இல்ல டீச்சர். அதையும் எழுதிக்கிடுங்க.