டேங்கரைக் கழற்றி நிறுத்தினால் முன் ஜாக்கி மண்ணில் இறங்குகிறது, என்ன செய்யலாம்?

சுல்தான்பேட்டை தோப்பு:
வணக்கமுங்க. எங்களிடம் 5000 லிட்டர் தண்ணீர் டேங்கர் இருக்கிறது, ரெண்டு சக்கர வண்டி, கழற்றினால் முன்பக்கத்தை ஜாக்கிதான் தாங்கும். வாய்க்கால் தண்ணீர் வராத மாதங்களில் தென்னைக்கு ஊற்றுவதற்கு. டிராக்டர் உழவுக்குப் போகும்போது டேங்கரைக் கழற்றி சாளைக்குப் (தோட்டத்து வீட்டுக்கு) பக்கத்தில் கரிசல் மண்ணில்தான் விட வேண்டியிருக்கிறது. விடும்போது நேராகத்தான் நிற்கிறது, ஒரு மழை பெய்தால் போதும், ஜாக்கித் தட்டு மண்ணுக்குள் போய் ஜாக்கியே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. குழந்தைகள் அந்தப் பக்கம்தான் விளையாடுகிறார்கள், பயமாக இருக்கிறது. அடியில் ஹாலோ பிளாக் வைத்தால் தாங்குமா?

பெருந்துறை டிரைவர்:
தாராளமாக வைங்க. எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். காலி டேங்கருக்கு அது போதும்.

காங்கயம் பட்டறை:
அண்ணா, மேலே சொன்னதோடு நான் ஒத்துப்போகவில்லை. ஹாலோ பிளாக் சுவர் கட்டுகிற கல்; பாரம் மேல்பரப்பு முழுக்கப் பரவி இறங்கினால்தான் தாங்கும். ஜாக்கித் தட்டு ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாலோ, கல்லைப் படுக்கப் போட்டாலோ எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் படாரென்று உடையும். மரம் அப்படி இல்லை, முதலில் நசுங்கும், முறுகும், சத்தம் கொடுக்கும், நமக்கு விலகிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

உங்கள் ஜாக்கித் தட்டு அரை அடிக்கு அரை அடி என்று வையுங்கள். அதற்கடியில் ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பலகை போட்டால் பரப்பு ஒன்பது மடங்கு, மண்ணில் விழுகிற அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். பலகை மெல்லிசாக இருந்தால் நடுவில் வளைந்து பயனில்லாமல் போகும். அதனால் பழைய வாகை, வேம்புக் கட்டைகளை ரெண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று குறுக்கே அடுக்குங்கள்.

இன்னொன்று, ஜாக்கியை எவ்வளவு நீட்டுகிறீர்களோ அவ்வளவுக்கு ஆட்டம். கட்டையை உயரமாக அடுக்கி ஜாக்கியைக் குட்டையாக வைப்பதுதான் நல்லது. டிராக்டர் போனபிறகு முன் சட்டத்துக்கு அடியில் தனியாக ஒரு கட்டை அடுக்கு வைத்து, ஜாக்கியை மெல்ல இறக்கிச் சட்டத்தை அதன்மேல் உட்கார வைத்துவிடுங்கள். ஜாக்கி ஏற்றி இறக்கத்தானுங்க, மாதக்கணக்கில் சுமக்க இல்லை. ஹைட்ராலிக் ஜாக்கியென்றால் இது இன்னும் முக்கியம், சீல் கசிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிவிடும்.

தாராபுரம் செம்மண்:
ஜாக்கியைப் பற்றி மட்டுமே பேசுகிறோம், டயரை மறந்துவிட்டோம். வண்டி ஒரு சாண் உருண்டாலே ஜாக்கி மடங்கும். டிராக்டரோடு மாட்டுகிற கொக்கிப் பின்னைத் தொடுவதற்கு முன்னால் ரெண்டு டயருக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாக வேண்டும், அதுவும் உருண்டைக் கல்லாக இல்லாமல் சரிவாக அறுத்த கட்டையாக.

அப்புறம் தண்ணீர். பாதி டேங்கர் தண்ணீரோடு கழற்றவே கூடாது. 5000 லிட்டர் என்றால் 5 டன், பாதியென்றாலும் இரண்டரை டன், அது அசையாமல் நிற்கிற பாரம் இல்லை. முன்பக்கம் மேடாக இருந்தால் தண்ணீரெல்லாம் பின்னால் ஓடிவிடும், பின்னை உருவின நொடியில் முன் சட்டம் மேலே எகிறும். குனிந்து கழற்றுகிற ஆளின் தாடை அங்கேதான் இருக்கும். காலி டேங்கரிலும் பின் ஏணியில் ஆள் ஏறினால் இதே கதை ஆகலாம். டிராக்டரில் மாட்டியிருக்கும்போது மட்டும்தான் மூடி திறக்க ஏறணும்.

சுல்தான்பேட்டை தோப்பு:
ஏணி விஷயம் என் மனதில் தோன்றவே இல்லைங்க, பையன்கள் அதில் ஏறுவார்கள். ஏணியைக் கழற்றி வைக்கிற மாதிரி செய்ய முடியுமா? ஜாக்கிக்கு அடியில் காங்கிரீட் போடுவது பற்றியும் சொல்லுங்கள்.

காங்கயம் பட்டறை:
முடியும். அடிப்படிகளை மட்டும் அறுத்து, போல்ட் வைத்து மாட்டுகிற மாதிரி பண்ணிவிடலாம், எந்தப் பட்டறையிலும் செய்து தருவார்கள். அதுவரை பின் சட்டத்துக்கு அடியிலும் ரெண்டு பக்கமும் கட்டை முட்டுக் கொடுத்து வையுங்கள். கரிசலில் காங்கிரீட் போடுவதாக இருந்தால் ஜாக்கிக்கு மட்டும் போட்டுப் பயனில்லை. மழைக்கு மண் ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும், டயர் ஒரு பக்கம் இறங்கி ஜாக்கி மட்டும் நிற்கும். ரெண்டு டயர் நிற்கிற இடத்தையும் சேர்த்து, மேல்மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் கொட்டி நன்றாகத் திமிசு போட்டு இறுக்குங்கள், தண்ணீர் வடிய ஓரத்தில் ஒரு வாட்டம் விடுங்கள். காங்கிரீட் அப்புறம் வேண்டுமானால் பார்க்கலாம்.