கூட்டல் குறியைக் கண்டதும் இலத்திரனைக் கூட்டின கதை

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். அயன் ஒன்றில், அதாவது மின்னேற்றமுள்ள அணுவிலோ அணுக்கூட்டத்திலோ, புரோத்தன், நியூத்திரன், இலத்திரன் எத்தனை என்று காண்கிற கணக்கில் நீங்களோ உங்கள் பிள்ளைகளோ எந்த இடத்தில் பிழைவிட்டீர்கள் என்று சொல்லுங்கள். முதலில் எங்கள் வீட்டில் நடந்தது.

அக்காவின் மகன் இந்த வருடம் ஓ.எல். சோதனை எழுதுகிறான். போன கிழமை ஒரு பின்னேரம் கொப்பியைக் கொண்டு வந்து நீட்டினான். அலுமினியம் அயன், அணுவெண் (புரோத்தன் எண்ணிக்கை) 13, திணிவெண் (புரோத்தனும் நியூத்திரனும் சேர்ந்த எண்ணிக்கை) 27, ஏற்றம் 3+. புரோத்தன் 13, நியூத்திரன் 14 என்று சரியாக எழுதிவிட்டு இலத்திரனுக்கு 16 போட்டிருந்தான். "ஏன் மகன் 16?" என்று கேட்டேன். "கூட்டல் போட்டிருக்கே மாமா, அதுதான் மூன்றைக் கூட்டினேன்" என்றான்.

"மூன்று இலத்திரன் போய்விட்டது, 10 என்று எழுது" என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அப்படிச் சொன்னால் அன்றைக்கு எழுதுவான், சோதனையில் திரும்பவும் 16தான் வரும். அதனால் எங்கள் ஒழுங்கைக் கடையின் கடன் கொப்பியை நினைக்கச் சொன்னேன். கையில் 13 ரூபா, கொப்பியில் 13 ரூபா கடன், உனக்கு மிச்சம் என்ன? "ஒன்றுமில்லை." சரி, கடைக்காரர் மூன்று ரூபாக் கடனை வெட்டிவிட்டார் என்று வை, இப்போது? கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு "மூன்று ரூபா மிச்சம்" என்றான். கையிலுள்ள காசு நேரேற்றமுள்ள புரோத்தன், கடன் மறையேற்றமுள்ள இலத்திரன். காசு ஒரு சதமும் கூடவில்லை, கடன் குறைந்ததால்தான் அந்தக் கூட்டல். புரோத்தன் கருவுக்குள் இருப்பது, அதில் ஒன்று குறைந்தாலே அது அலுமினியம் இல்லை, மகனீசியம். அடுத்ததாகச் சல்பைட்டு அயன், அதாவது கந்தகத்தின் அயன் கொடுத்தேன், அணுவெண் 16, திணிவெண் 32, ஏற்றம் 2−. "இரண்டு ரூபா புதுக்கடன்" என்று சொல்லிக்கொண்டே 16, 16, 18 என்று எழுதினான்!

*

நான் அக்கரைப்பற்றில் ரியூசன் எடுக்கிறேன். கடன் கொப்பியை இனி என் வகுப்பிலும் சொல்லப்போகிறேன். என் பிள்ளைகளை ஏற்றத்தை விட நியூத்திரன்தான் வருத்துகிறது. ஆவர்த்தன அட்டவணையில் குளோரீனின் அணுத்திணிவு 35.5 என்று பார்த்துவிட்டு அணுவெண் 17ஐக் கழித்து 18.5 என்று எழுதுவார்கள். ஒரு பிள்ளை மட்டும் பேனையை வைத்துவிட்டு, "டீச்சர், நியூத்திரனில் அரைவாசி எப்படி வரும்?" என்று கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோசம். 35.5 என்பது சராசரி. இயற்கையில் உள்ள குளோரீனில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு திணிவெண் 35, மற்றது 37. ஆகவே ஓர் அணுவில் நியூத்திரன் 18 அல்லது 20, கேள்வியில் எந்தச் சமதானி (ஒரே மூலகத்தில் நியூத்திரன் எண்ணிக்கை வேறுபட்ட அணு) என்று பார்த்துத்தான் கழிக்க வேண்டும். இலத்திரன் வந்தாலும் போனாலும் திணிவெண் மாறாது, ஏனென்றால் அதில் எண்ணப்படுவது புரோத்தனும் நியூத்திரனும் மட்டும்தான், இலத்திரனின் திணிவு புரோத்தனுடையதில் சுமார் 1836இல் ஒரு பங்கு.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்துக் கிணறுகள் உப்பாகிப் போனதை வீட்டில் பெரியவர்கள் சொல்லிப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அந்த உப்பில் பெரும்பங்கு 11 புரோத்தனுக்கு 10 இலத்திரன் உள்ள சோடியம் அயனும், 17 புரோத்தனுக்கு 18 இலத்திரன் உள்ள குளோரைட்டு அயனும்தான் என்று சொல்வேன். இதே சோடியம் உலோகமாக இருந்தால் தண்ணீர் பட்டதும் கொதித்துச் சீறும், குளோரீன் வாயுவோ நஞ்சு. ஒரேயொரு இலத்திரன் கைமாறினதில் அவ்வளவு வித்தியாசம் என்றதும் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும்.

*

வாழைச்சேனை, ஏ.எல் படிக்கிறேன். நான் பிழைவிட்டது சல்பேற்று அயனில், ஒரு கந்தகமும் நாலு ஒட்சிசனும் சேர்ந்தது, ஏற்றம் 2−. ஒட்சிசனின் அயனான ஒட்சைட்டு 2− என்று மனதில் பதிந்திருந்ததால் நாலு ஒட்சிசனுக்கும் இரண்டிரண்டாக எட்டு இலத்திரனைக் கூட்டி 56 என்று விடை எழுதினேன். சேர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, "அந்த ஏற்றம் முழுக் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான்" என்று மட்டும் எழுதியிருந்தார். கந்தகம் 16, ஒட்சிசன் நாலெட்டு 32, மொத்தம் 48 புரோத்தன், அதோடு இரண்டைக் கூட்டினால் 50 இலத்திரன், அவ்வளவுதான். அமோனியம் 1+ என்றால் நைதரசனின் 7உம் நாலு ஐதரசனின் 4உம் 11 புரோத்தன், இலத்திரன் 10. அதில் நியூத்திரன் 7 மட்டுமே வரும், சாதாரண ஐதரசனில் நியூத்திரன் கிடையாது. அப்புறம் ஐதரசன் அயன் 1+ வந்தபோது புரோத்தன் 1, நியூத்திரன் 0, இலத்திரன் 0 என்று எழுதவே கை வரவில்லை, ஏதோ விட்டுவிட்டேன் என்று மூன்று தரம் திரும்பிப் பார்த்தேன். அண்ணா, உங்கள் மருமகனிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்.

*

தங்கச்சி, இரவே கேட்டேன். பேனையை எடுக்கவேயில்லை. "கையில் ஒரு ரூபா, கொப்பியில் பேரே இல்லை" என்றான்.