புள்ளி, பேட்ஜ், லீடர்போர்டு: வேலையிடத்தில் நீங்கள் பார்த்தது என்ன?

எபேன், கால் சென்டர்

நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு தெரியும் என்பதால் மொரீஷியஸுக்கு வந்தேன். எபேன் சைபர் சிட்டியில் பிரான்ஸ் வாடிக்கையாளர்களின் அழைப்புகளை எடுக்கும் வேலை. பிரான்ஸில் கோடை என்றால் நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் மூன்று. அதனால் அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் எங்கள் ஷிஃப்ட் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். எல்லோரும் சோர்ந்திருந்த அப்படி ஒரு சீசனில்தான் நிர்வாகம் 'ரேஸ்' என்று ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தது.

ஃப்ளோரின் நடுவில் பெரிய திரை. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கார். அழைப்பைச் சீக்கிரம் முடித்தால் புள்ளி ஏறும், கார் முன்னே போகும். முதலில் இருப்பவருக்குச் சூப்பர்மார்க்கெட் வவுச்சர். ஆரம்பத்தில் நிஜமாகவே கலகலப்பாக இருந்தது. அப்புறம்தான் கணக்கு வேறு மாதிரி போனது.

எங்களிடம் ரோஸ் ஹில்லிலிருந்து வரும் ஒரு அக்கா இருக்கிறார். வயதானவர்கள், கோபமாகக் கூப்பிடுபவர்கள், பில்லைப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் எல்லோரையும் பொறுமையாகக் கையாள்வார். பன்னிரண்டு நிமிடம் ஆனாலும் சரி, போனை வைக்கும்போது பிரச்சினை தீர்ந்திருக்கும். அவர் கார் எப்போதும் கடைசியில் நின்றது. முன்னே ஓடிய சிலரோ நான்கு நிமிடத்தில் "பார்க்கிறோம், மறுபடி கூப்பிடுங்கள்" என்று முடித்துவிடுவார்கள், அல்லது வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அதே வாடிக்கையாளர் மறுநாள் இரு மடங்கு கோபத்தோடு கூப்பிடுவார். அந்த அழைப்பு பல சமயம் அக்காவிடமே வந்து சேரும். மற்றவர்கள் வாங்கிய புள்ளிக்கு அக்கா நேரம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான்கு நிமிட அழைப்பு மூன்று முறை வந்தாலும் அதே பன்னிரண்டு நிமிடம்தான், அதோடு வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போகிறது. திரைக்கு இது தெரியாது. அது ஒவ்வொரு அழைப்பையும் தனியாகத்தான் எண்ணியது.

அக்கா யாரிடமும் குறை சொல்லவில்லை. ஆனால் திரைக்கு முதுகு காட்டி உட்காரும்படி இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். எனக்கு அது தாங்கவில்லை. ஃப்ளோரிலேயே திறமையானவர் அவர். அவரை வெட்கப்பட வைக்கும் ஒன்றை எப்படி ஊக்கம் என்று சொல்வது?

பிறகு அழைப்புகளைக் கேட்டு மதிப்பிடும் குவாலிட்டி டீம் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. டீம் லீடர்கள் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். புது விதிகளை நாங்களே சொன்னோம். வாடிக்கையாளர் அதே பிரச்சினைக்கு ஏழு நாளில் திரும்பக் கூப்பிடவில்லை என்றால்தான் புள்ளி. திரையில் தனி ஆள் பெயர் கிடையாது, டீம் மொத்தம் மட்டும். விருப்பமில்லாதவர் சேர வேண்டாம். பரிசு வவுச்சர் அல்ல, ரோஸ்டரில், அதாவது ஷிஃப்ட் அட்டவணையில், முதலில் நாள் தேர்ந்தெடுக்கும் உரிமை. இதில் கடைசி விஷயம்தான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. தைப்பூசக் காவடி இங்கே பொது விடுமுறை, பிரான்ஸுக்கு அது சாதாரண வேலை நாள். அன்றைக்கு யார் ஷிஃப்டில் இருப்பது என்பதில் வருஷா வருஷம் மனஸ்தாபம்தான்.

இப்போது அக்கா பக்கத்தில் உட்காரப் புதுப் பையன்கள் போட்டி போடுகிறார்கள். அவர் எப்படிப் பேசுகிறார் என்று கேட்டுக் கற்றுக்கொண்டால் டீமுக்கே புள்ளி ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கார்மென்ட்ஸ், லைன் சூப்பர்வைசர்

நான் திருப்பூரிலிருந்து வந்து இங்கே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறேன். எங்களுக்கு இது புதுசு இல்லை. லைன் தலைமாட்டில் போர்டு இருக்கும். மணிக்கு இத்தனை பீஸ் டார்கெட், இத்தனை முடிந்தது என்று எழுதுவோம். தமிழ், வங்காளம், கிரியோல் என்று யார் எந்த மொழி பேசினாலும் அந்த எண் எல்லோருக்கும் புரியும்.

அது லைன் போர்டாக இருக்கும்வரை நல்லது. காலர் வைக்கும் இடத்தில் பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) தேங்கினால் ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கும் ஆள் எழுந்துபோய் உதவுவார், ஏனென்றால் எண் எல்லோருக்கும் பொது. ஒருமுறை ஆள்வாரியாக எழுதிப் பார்த்தார்கள். அவரவர் பண்டிலை அவரவர் வேகமாகத் தள்ளினார்கள், செக்கிங்கில் ஆல்டர் பீஸ், அதாவது தையல் சரியில்லாமல் திரும்பி வரும் பீஸ், குவிந்தது. பிரித்துத் திரும்பத் தைக்கும் நேரத்தை அந்தப் போர்டில் யாரும் எழுதவில்லை. எபேன் தம்பி சொன்ன மறு அழைப்பு மாதிரியேதான்.

அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் ஹோட்டல் சலவைக் கூடத்தில் ஆள் பெயரோடு வேகத்தைத் திரையில் காட்டினார்கள். தொழிலாளர்கள் அதை 'எலெக்ட்ரானிக் சாட்டை' என்று சொன்னதாக 2011-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸில் செய்தி வந்தது. படித்ததும் எங்கள் ஆள்வாரிப் போர்டுதான் ஞாபகம் வந்தது.

கத்ர் போர்ன், டெலிசேல்ஸ்

எனக்கு லீடர்போர்டு, அதாவது யார் முதலில் யார் கடைசியில் என்று காட்டும் பலகை, பிடிக்கும். அதையும் ஒருவர் சொல்ல வேண்டும். விற்பனையில் என் எண் என் கையில் இருக்கிறது. மேலே என் பெயர் வரும்போது வரும் தெம்பு, மாதக் கடைசியில் கமிஷன் வரும்போதுகூட வராது. பெயரை மறைத்துவிட்டால் எனக்கு அந்தச் சந்தோஷம் போய்விடும்.

ஆனால் எபேன் அண்ணா, காவடி நாளைப் பரிசாக வைத்தது சரியாகப் படவில்லை. பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுப்பவர் புள்ளி சேர்த்தா அந்த நாளை வாங்க வேண்டும்?

எபேன், கால் சென்டர்

தங்கை கேட்டது நியாயமான கேள்வி, எங்கள் கூட்டத்திலும் இது வந்தது. காவடி எடுப்பவர்களும் பால்குடம் எடுப்பவர்களும் முதலில் பெயர் கொடுத்துவிடுவார்கள், அவர்களுடைய விடுப்பு விளையாட்டுக்கு வெளியே. மிச்சமிருக்கும் இடங்களுக்குத்தான் புள்ளி. தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அதே முறை.

பெயர் தெரிய வேண்டும் என்று நீங்கள் விரும்புவதும் எனக்குப் புரிகிறது. ஈதன் மாலிக், நான்சி ராத்பார்ட் என்ற, அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளியைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் விற்பனை ஆட்களை வைத்தே இதைச் சோதித்தார்கள். கூடைப்பந்து மாதிரி ஒரு விளையாட்டு, பெரிய திரையில் புள்ளிகள். விளையாட்டை மனதார ஏற்றுக்கொண்டவர்களுக்கு வேலையில் உற்சாகம் கூடியது, ஏற்காதவர்களுக்கு இருந்ததும் குறைந்தது. ஒரே திரைதான், ஆனால் உங்களுக்குத் தெம்பு, அக்காவுக்குத் தலைகுனிவு. எனவே பெயர் போடச் சொல்பவர் பெயரை மட்டும் போடலாமே என்பது என் எண்ணம். அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.

இன்னொன்று. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் 'மென்ட்டர்' பேட்ஜ் என்று கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள். பேட்ஜை நிறுத்தியதும், முன்பு சும்மாவே சொல்லிக்கொடுத்தவர்களில் சிலர்கூட நிறுத்திவிட்டார்கள். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் இதைத்தான் கண்டார்கள். ஆசையாகப் படம் வரைந்த குழந்தைகளிடம் முன்கூட்டியே சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரைய வைத்தார்கள். பின்னால் அந்தக் குழந்தைகள் தாங்களாக வரைந்த நேரம், பரிசே பெறாத குழந்தைகளைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. அதனால் சொல்லிக்கொடுப்பதற்கு எங்கள் டீமில் இப்போது புள்ளியே இல்லை. அதற்கு ஷிஃப்டிலேயே தனி நேரம் ஒதுக்கச் சொல்லி வாங்கியிருக்கிறோம், அந்த நேரத்தில் அழைப்பு வராது.

கார்மென்ட்ஸ் அண்ணா, ஆல்டர் பீஸ் எண்ணிக்கையையும் லைன் போர்டில் சேர்த்து எழுதிப் பார்த்தீர்களா? என்ன ஆனது என்று எழுதுங்கள்.